இருபத்திரண்டு கால் பூரான்

ஏப்ரல் 27, ஞாயிறு. திருச்செங்கோடு

பூரானுக்கு நூறு கால் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இவர்களுடைய பூரானுக்கு இருபத்திரண்டு. மீதியை ஜனங்கள் கற்பனை செய்துகொள்வார்கள் என்கிறான் டைரக்டர் எழில்வேந்தன். இன்ஜினியரிங் படித்தவன். ஜனங்களின் கற்பனைமேல் அவனுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குப் பகவான்மேல்கூட இல்லை.

படத்தின் பெயர் ‘பாதாளப் பூரான்’. போர்வெல் போடுகிறார்கள். தண்ணீருக்குப் பதிலாகப் பூரான் வருகிறது. ஊரைத் தின்கிறது. ஹீரோ அதைக் கொல்கிறான். மேற்கொண்டு கதை உண்டா என்று கேட்டேன். “அவ்ளோதான் மேம்” என்றான், ஏதோ திருக்குறள் எழுதி முடித்தவன்போல.

தயாரிப்பாளர் செங்கோட்டுவேல் இந்த ஊர்க்காரர், ரிக் வண்டி முதலாளி. தேசம் முழுக்கப் பூமியில் ஓட்டை போட்டுச் சம்பாதித்ததை இப்போது சினிமா என்கிற ஓட்டையில் கொட்டுகிறார்.

எனக்கு ஊராட்சித் தலைவி வேடம். பூஜையில் தேங்காய் உடைக்கும்போது பூரான் என்னை விழுங்கும். முதல் பலி. விமலராணியை யாரென்று கேட்கும் வீடு தமிழ்நாட்டில் இல்லை. பதினொரு வருஷம் டி.வி. சீரியலில் மாமியார் ராஜேஸ்வரியாக வீட்டுக்கு வீடு புகுந்து மருமகளைப் படுத்தியவள் நான். ஜனவரியில் ராஜேஸ்வரியைச் சாகடித்துவிட்டார்கள். சாகிற காட்சிகூட இல்லை. ஒரு திங்கட்கிழமை, மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்கினேன். “கதை அப்டிப் போகுதும்மா” என்றார்கள். டிசம்பரில் எனக்குக் காய்ச்சல் வந்து முகத்தில் சின்னதாக ஒரு வீக்கம். அதற்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்.

இந்தப் படத்தை ஒரு மாறுதலுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பூரானைப் பார்த்தேன். லாரி சீட் தைக்கும் கடையில் செய்திருக்கிறார்கள். மேலே பழுப்பு ரெக்ஸின், உள்ளே லாரி டியூப், கொடுக்குக்கு வளைத்த பிளாஸ்டிக் குழாய். கண்கள் இரண்டும் லாரியின் பின்விளக்கு. முதுகில் ஜிப். தலைப் பகுதிக்குள் ஓர் ஆள் நுழைந்து முழங்காலிட்டு நகரவேண்டும். கால்களைத் தூண்டில் நரம்பில் கட்டி, தறி ஓட்டும் ஆட்கள் நான்கு பேர் தூரத்தில் நின்று இழுக்கிறார்கள். இழுப்பதில் ஒற்றுமை இல்லை. பாதிக் கால் ஈரோட்டுக்கும் பாதிக் கால் சேலத்துக்கும் போகிறது.

உள்ளே நுழைகிறவர் மஸ்தான். வடபழனி ஸ்டண்ட்காரர், நாற்பதைத் தாண்டியவர். “உள்ள எப்படி இருக்கு மஸ்தான் பாய்?” என்று கேட்டேன். “ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கும்மா. பாவமெல்லாம் வேர்வையாப் போயிடுது” என்றார்.

பேய்ப்படமென்றால் ராத்திரியில் எடுப்பார்கள். இங்கே ஜெனரேட்டருக்கு வழியில்லாததால் பூரான் பகலில்தான் வேட்டைக்கு வரும். சாயங்காலம் ஆறு மணியானால் அது வீட்டுக்குப் போய்விடும்.

இந்த மாதிரிப் படத்தை எந்தப் பைத்தியக்காரன் பார்ப்பான் என்று எழில்வேந்தனிடம் கேட்டேன். “நாங்க ஹாஸ்டல்ல இதேதான் மேம் பார்ப்போம். ராட்சச நண்டு, ராட்சச அட்டை, எதையும் விடமாட்டோம். அரியர் வெச்சவனெல்லாம் ஒண்ணா உக்காந்து பார்ப்போம்.” காரணம் விளங்கியது. பரீட்சையில் தோற்றவனுக்குத் தன்னைவிட மோசமாகத் தயாரான ஒன்றைப் பார்ப்பதில் ஆறுதல்.

கேமராமேனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், என் வலப்பக்கம்தான். பெரிய நடிகைகள் எல்லோருக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. டீயை ஸ்ட்ரா போட்டுக் குடித்தேன், லிப்ஸ்டிக் கலையாமல் இருக்க. இடது கண்ணுக்கு மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. இந்த ஊரில் தூசி அதிகம்.

பெங்களூரிலிருந்து மகள் மிருதுளா கூப்பிட்டாள். அவள் நிச்சயதார்த்தம் மே பதினொன்று, மண்டபம் முடிவாகிவிட்டதாம்.

“வீடியோல வாம்மா. புடவை காட்டணும்.”

“இங்க சிக்னல் இல்லடி.”

“அஞ்சு மாசமா உனக்கு எந்த ஊர்லயும் சிக்னல் இல்ல.”

“மிருது, பதினொண்ணாம் தேதி எனக்கு ஷூட்டிங் வெச்சிருக்காங்க. என்னை நம்பி ஒரு யூனிட்டே இருக்கு.”

“என்ன படம்?” என்றாள்.

“கிராமியப் படம். தண்ணீர்ப் பிரச்சினை.”

மே 1, வியாழன்

உழைப்பாளர் தினம். மஸ்தான் மட்டும் உழைத்தார். ஹீரோ கேரவனில் பாடி பில்டிங் செய்தான்.

மே 3, சனி

என் காட்சிக்கான தாளை இன்றுதான் கொடுத்தார்கள். ஊராட்சித் தலைவியைக் காணோம். அதற்குப் பதிலாக இது இருந்தது, அப்படியே எழுதுகிறேன்: ‘பூரான் விஷம் ஏறிய கிழவி. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கண் மூடாது. வாயில் எச்சில். க்ளோஸ் அப். (மேக்கப் தேவையில்லை.)’

அடைப்புக்குறிக்குள் இருந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எழில்வேந்தனைக் கூப்பிட்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். இந்த ஊருக்கு வந்து யார் முன்னாலும் கழற்றியதில்லை.

“என்னை எங்க பார்த்துட்டு கூப்பிட்ட?”

“டப்பிங் ஸ்டூடியோல மேம். நீங்க தண்ணி குடிச்சிட்டு இருந்தீங்க.”

“அப்பவே முடிவு பண்ணிட்டியா?”

அவன் தரையைப் பார்த்தான். “தப்பா எடுத்துக்காதீங்க மேம். ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும்னு தோணிச்சு. ஆடியன்ஸ் மிரண்டுடுவாங்க.”

“உங்க பூரான் பண்ணமுடியாததை என் மூஞ்சி பண்ணிடும்னு தோணிச்சு.”

‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக்கூடத் திறமையில்லாதவன் டைரக்டராக இருக்கிறான்.

ஆமாம், வீக்கம் இல்லை. டிசம்பரில் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது இடது பக்கம் என் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டது. நரம்பு. மூன்று மாதத்தில் சரியாகும் என்றார்கள். கொஞ்சம் ஆயிற்று, மீதி ஆகவில்லை. இதைப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. நாளை காலை சென்னை பஸ் பிடிக்கிறேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி பிறந்துவிட்டது. பெட்டியோடு லாட்ஜ் வாசலில் நின்றேன். போகுமுன் செங்கோட்டுவேலிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாமென்று படப்பிடிப்புக்குப் போனால், அங்கே மஸ்தானைத் தரையில் கிடத்தி விசிறிக்கொண்டிருந்தார்கள். பூரானுக்குள்ளேயே மயங்கி, ரிக்கின் இரும்புப் படியில் சாய்ந்து விழுந்திருக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. வலியிலும் என்னைப் பார்த்து, “ஜிப்பு மாட்டிக்கிச்சும்மா, இல்லேன்னா எந்திரிச்சிருப்பேன்” என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

அவரைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு எல்லோரும் பூரானைச் சுற்றி எழவு வீட்டில்போல உட்கார்ந்திருந்தார்கள். சென்னை ஸ்டண்ட்காரர்கள் எல்லோரும் கத்திரி வெயிலில் ரெக்ஸினுக்குள் நுழைய வரமாட்டோம் என்றுவிட்டார்கள். ஹீரோவைக் கேட்டார்கள். அவனுக்குச் சருமம் முக்கியமாம்.

செங்கோட்டுவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க தம்பி. பத்துப் பதினஞ்சு நாளைக்குப் படத்த நிறுத்திப்போடலாமுங்க. அல்லாரும் ஊருக்குப் போய்ட்டு வாங்க” என்றார்.

பதினைந்து நாள். அப்படியென்றால் பதினொன்றாம் தேதிக்கு மிருதுளாவிடம் சொல்ல எந்த ஷூட்டிங்கும் இருக்காது.

“நான் பண்றேன்” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. நான் பெட்டியைக் கீழே வைத்தேன். “எனக்கு அம்பத்திரண்டு வயசு. பன்னெண்டு வருஷம் பரதம் ஆடியிருக்கேன். அரைமண்டியில ஒரு வர்ணம் முழுக்க நிப்பேன். மஸ்தான் உயரம்தான் நானும். என் மூஞ்சி உங்களுக்கு வேணாம். அந்தக் கிழவிக் காட்சியக் கிழிச்சுப் போடுங்க, பூரானை நான் பண்றேன்.”

எழில்வேந்தன் அந்தத் தாளை எல்லோர் முன்னாலும் கிழித்தான். நானூறு துண்டாகக் கிழித்திருப்பான், நான்தான் போதும் என்றேன்.

கலைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மே 6, செவ்வாய்

உள்ளே ரப்பர் வாசனையும் மஸ்தானின் அத்தரும். வாய்ப் பகுதியில் கொசுவலைத் துணி, அதன் வழியாகத்தான் உலகம் தெரியும். முதல் தடவை நகர்ந்தபோது குழந்தை தவழ்வதுபோல இருந்ததாம். எழில்வேந்தன் நாசூக்காக, “மேம், கொஞ்சம் கோபமா” என்றான்.

கோபமா! என்னிடம் இல்லாத சரக்கா அது?

பூரான் எப்படி நகரும் என்று யோசித்தேன். அது அவசரப்படாது, நிற்கும். தலையைத் தூக்கி மோப்பம் பிடிக்கும். பிறகு ஒரே வீச்சில் வரும். அதுதான் ராஜேஸ்வரி. மருமகள் சமையலறையில் பாலைப் பொங்கவிட்டதும் ராஜேஸ்வரி ஹாலில் என்ன செய்வாளோ அதையே செய்தேன். மெதுவாகத் தலையைத் திருப்பி, நின்று, ஓர் உறுமல்.

தறிக்கூடத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் அலறிக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினார்கள். ஒருத்தி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். அப்புறம் எல்லோரும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்து, “இன்னொருக்கா வரச் சொல்லுங்கோ!” என்று கத்தினார்கள்.

இன்னொருக்கா போனேன். மறுபடி அலறல், ஓட்டம், சிரிப்பு. பிறகு டைரக்டர் கேட்காமலேயே மூன்றாவது தடவையும் போனேன்.

ஐந்து மாதமாக என்னைப் பார்க்கிறவர்கள் பார்வையை நகர்த்திக்கொண்டு, ‘நல்லாத்தான் இருக்கீங்க’ என்பார்கள். இந்தப் பெண்கள் நேராகப் பார்த்தார்கள், வாயைப் பிளந்து கத்தினார்கள். எவ்வளவு மரியாதை!

மே 8, வியாழன்

மதியம் சாப்பாட்டு இடைவேளை. ஜிப்பைத் திறந்து என்னைப் பாதி வெளியே எடுத்து, வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே பூரான், மேலே நான். செங்கோட்டுவேல் மோர் கொண்டுவந்தார். ஸ்ட்ராவும் கொண்டுவந்திருந்தார், நான் கேட்காமலேயே. இவரை இனிமேல் அதிகமாகக் கிண்டல் செய்யமுடியாது போலிருக்கிறது. வருத்தம்தான்.

“ஏனுங்க, இவ்ளோ பணம் இருக்கே. நல்லதா ஒரு குடும்பப் படம் எடுக்கக்கூடாதா?” என்றேன்.

“குடும்பத்தத்தான் வீட்லயே பாக்கறமுங்களே அம்மணி.”

“அதுக்காகப் பூரானா?”

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். “நானு மொத மொதல்ல ரிக்குல குழாய் மாத்தற வேலைக்குப் போனப்ப, குழாய் உள்ளார எறங்க எறங்க வயித்துல ஒரு சில்லு வருமுங்க. கீழ இருக்கறது எதாச்சும் முழிச்சுக்கிட்டு மேல வந்துருமோன்னு. யார்கிட்டயும் சொன்னதில்லீங்க, சிரிப்பாங்கல்ல. அப்பறம் டெண்ட் கொட்டாயில ஒரு படம் பார்த்தனுங்க. ஒரு ராட்சசத் தவளை. அதுக்கு முதுவுல தையல் பிரிஞ்சு பனியன் தெரிஞ்சுது. கொட்டாயே சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டு இருக்கறப்பவே அது ஒருத்தனப் புடிச்சுருச்சு, அத்தன பேரும் ஓன்னு கத்திப்போட்டோம். அன்னைக்கு எனக்கு நெம்ப நிம்மதியா இருந்துச்சுங்க. நானு மட்டும் பயந்தாங்கோளி இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு.”

“இப்பதான் கம்ப்யூட்டர்ல தத்ரூபமா பண்றாங்களே?”

“பண்றாங்கொ. அதப் பாத்தா பிரமிப்பா இருக்குதுங்க, ஆனா ஒட்ட மாட்டேங்குது. இதுலன்னா உள்ளார ஒரு மனுசன் வேர்த்து விறுவிறுத்துக் கெடக்கறான்னு நமக்குத் தெரியும். நம்மளப் பயமுறுத்தோணும்னு அவன் அந்தப் பாடு படறான். அவனுக்காகவாவது பயந்து குடுக்கோணுமில்லீங்க?”

மோரில் உப்பு ஜாஸ்தி. கண் எரிந்தது, சொட்டு மருந்து போட்டுக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு

இன்று ஒரு பசுமாட்டையும் ஒரு வி.ஏ.ஓ.வையும் தின்றேன். பெங்களூரில் முகூர்த்தம் காலையிலேயே முடிந்திருக்கும். என் தங்கை தட்டு மாற்றியிருப்பாள். அவள் கட்டியிருக்கும் பட்டு என்னுடையது.

வி.ஏ.ஓ.வைத் தேவைக்கு அதிகமாகக் கடித்துவிட்டேனாம். அந்த நடிகர் புகார் செய்திருக்கிறார்.

மே 13, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

மதியம், அடுத்த ஷாட்டுக்குக் கேமராவை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தால் மறுபடி நுழைய அரைமணியாகும் என்பதால் நான் பூரானுக்குள்ளேயே படுத்திருந்தேன். ஒரு டாக்சி வந்து நின்றது. கொசுவலை வழியாகப் பார்த்தேன். மிருதுளா. கையில் இன்னும் மருதாணி. ஒரு ஸ்வீட் டப்பா.

தறிக்காரர் ஒருவரிடம், “நடிகை விமலராணி எங்க இருக்காங்க?” என்று கேட்டாள். உள்ளே இருப்பது யாரென்று வெளியாள் யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான்தான் யூனிட் முழுக்க மிரட்டிவைத்திருந்தேன். அந்த மனிதர் பூரானைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், “வருவாங்க, உக்காருங்க” என்று நழுவிவிட்டார்.

என் மகள் எனக்குப் பக்கத்தில் ரிக் குழாய்மேல் உட்கார்ந்தாள். கை நீட்டினால் தொடலாம். போனில் தருணிடம், அதுதான் மாப்பிள்ளை, பேச ஆரம்பித்தாள்.

“வந்துட்டேன். அம்மாவைக் காணோம். ஒரு ரப்பர் பூரான்தான் இருக்கு. ஆமா, பூரான். தண்ணீர்ப் பிரச்சினைன்னு சொன்னாங்க… இல்ல, நான் சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுக் கிளம்பிடறேன். உன்னைப் பிடிக்கலையான்னு கேக்கணும். உங்கம்மா எல்லார் முன்னாடியும் கேட்டாங்கல்ல, பொண்ணோட அம்மாவுக்கு இஷ்டம் இல்லையான்னு? எனக்குப் பதில் தெரியலை தருண். நான் அழல. இங்க வெயில்.”

பதினொரு வருஷம் கிளிசரின் போட்டு அழுதவள் நான். உள்ளே எதுவும் தேவைப்படவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், கைக்கு எட்டிய ஒரு பூரான் காலைத் தூக்கி அவள் தோளில் வைத்தேன்.

அவள் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பின. கைப்பையால் என் தலையில் அடித்தாள். ஒன்று, இரண்டு என்று நிறுத்தாமல் அடித்தாள். ஒரு பின்விளக்கு கழன்று விழுந்தது.

“மிருது, நான்தாண்டி!”

கை நின்றது. “அம்மா?”

“முதுகுல ஜிப் இருக்கு. அது சிக்கும், மெதுவா இழு.”

அவள்தான் ஜிப்பைத் திறந்தாள். நான் தலையை வெளியே எடுத்தேன். கண்ணாடி இல்லை, முந்தானை இல்லை, வலப்பக்கமாகத் திரும்பவும் இடமில்லை.

வெகுநேரம் பார்த்தாள். தறிக்கூடத்துப் பெண்கள் பார்த்ததுபோலவே நேராக.

“எப்பலேர்ந்து?”

“டிசம்பர்.”

“காய்ச்சல்னு சொன்ன.”

“காய்ச்சலும் இருந்துது.”

“இதுக்கா வரல?”

“நாளைக்கு போட்டோவுல எல்லாரும் பார்க்கும்போது…”

“போட்டோவுல நீயே இல்லம்மா!” கத்தினாள். “எல்லா போட்டோலயும் சித்தி இருக்கா, உன் புடவைல. உன் முகத்தைப் பார்த்து அவங்க என்ன நினைப்பாங்கன்னு யோசிச்ச. உன்னைப் பார்க்காம என்ன நினைச்சாங்கன்னு யோசிச்சியா? நானும்தான் என்னென்னமோ நினைச்சுட்டேன்.”

எந்த வசனமும் யாரும் எழுதித் தரவில்லை. “பயந்துட்டேன்டி” என்றேன். ‘ப’ சரியாக வராமல் காற்றாகப் போயிற்று.

அவள் துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்தாள், இடது பக்கத்தையும். அப்புறம் ஸ்வீட் டப்பாவைத் திறந்து, ஒரு மைசூர்பாகைப் பிட்டு வாயில் போட்டாள். ஓரத்தில் உதிர்ந்தது. உதிர்ந்ததை எடுத்துத் தானே தின்றாள்.

“சரி, இந்தப் பூரான் என்ன பண்ணும்? பண்ணிக் காட்டு” என்றாள்.

மே 14, புதன்

எழில்வேந்தனிடம் சொன்னேன், ஊராட்சித் தலைவி வேடம் எனக்குத் திரும்ப வேண்டும். முதல் பலி நான்தான். க்ளோஸ் அப் வைத்துக்கொள்ளலாம், எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும். ஒரே நிபந்தனை, அவள் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று படத்தில் யாரும் கேட்கக்கூடாது, விஷமும் கிடையாது, சாபமும் கிடையாது. அவள் ஒரு தலைவி, அவளுக்கு அப்படி ஒரு முகம், அவ்வளவுதான்.

“ஆடியன்ஸ் கேப்பாங்களே மேம்?”

“பூமியிலேர்ந்து லாரி நீளத்துக்குப் பூரான் வருது. அதைக் கேக்காத ஆடியன்ஸ் என் வாயைத்தான் கேக்கப்போறாங்களா?”

ஒப்புக்கொண்டான். போகும்போது தயங்கி நின்று, “ஸாரிம்மா” என்றான். ‘மேம்’ போய்விட்டது. ஆனாலும் உடனே மன்னித்துவிடவில்லை. நாளை வரை வேகட்டும்.

மே 16, வெள்ளி

இன்று என்னை நானே தின்றேன்.

தலைவி தேங்காய் உடைக்கிற ஷாட்டில் நான். பூரான் எழும்பிப் பாய்கிற ஷாட்டிலும் நான். இரண்டும் ஒன்றாக வருகிற ஒரே ஒரு ஷாட்டுக்கு மஸ்தான் கட்டுப்போட்ட கையோடு சேலத்திலிருந்து வந்து உள்ளே நுழைந்தார், வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல். என் கழுத்தைக் கவ்வும்போது உள்ளேயிருந்து மெதுவாக, “வலிக்குதாம்மா?” என்று கேட்டார். எத்தனையோ கதாநாயகர்களோடு நடித்திருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன். பெங்களூர்

கல்யாணம் ஆயிற்று. சம்பந்தியம்மாள் இங்கிலீஷில் விசாரித்தார், தமிழில் அனுதாபப்பட்டார், கன்னடத்தில் தன் அக்காவிடம் ஏதோ சொன்னார். மூன்றும் புரிந்தது. போட்டோகிராபர், “அம்மா கொஞ்சம் சிரிங்க” என்றான். சிரித்தேன். “இன்னும் கொஞ்சம்” என்றான். “அவங்க சிரிச்சாச்சு, நீங்க எடுங்க” என்றாள் மிருதுளா.

என் பட்டு இன்று என் மேல்தான் இருந்தது. தங்கைக்கு வேறு வாங்கிக்கொடுத்துவிட்டேன், மட்டமான சரிகையில்.

அக்டோபர் 31, வெள்ளி. திருச்செங்கோடு

‘பாதாளப் பூரான்’ ரிலீஸ். தமிழ்நாட்டில் சொற்பத் தியேட்டர்கள், அதில் ஒன்று இங்கே. மாட்டினி ஷோ. ரிக் ஓட்டுகிறவர்கள், தறிக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள் என்று அரங்கம் பிதுங்கியது. மிருதுளாவும் தருணும் சம்பந்தியம்மாளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். செங்கோட்டுவேல் உட்காரவே இல்லை. கதவோரம் நின்று திரையைப் பார்க்காமல் ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் தொடங்கியதும் சிரிப்பு. ஹீரோ பேசினால் சிரிப்பு, அழுதால் பெரிய சிரிப்பு. பிறகு ஊராட்சித் தலைவி ஜீப்பிலிருந்து இறங்கினாள். என் முகம் சுவர் அகலத்துக்கு வந்தது.

அரங்கம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், “அட, நம்ம ராஜேஸ்வரிடீ! இவ சாகலியாடீ?” விசில் கிளம்பியது. நான் தேங்காய் உடைத்தேன். கைதட்டல். பூரான் என்னைத் தின்றது. தியேட்டரே பூரானைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. தின்றதும் நான்தான் என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் கட்சி மாறிவிட்டார்கள். வி.ஏ.ஓ. மாட்டியபோது, “விடாத, கடி!” என்று உற்சாகம். ஜிப் ஒரு ஷாட்டில் பளிச்சென்று தெரிந்தது. “டேய், பூரான் ஜிப்பு போடாம வந்துருச்சுடா!” என்று எவனோ கத்த, கூரை அதிர்ந்தது. நானும் சிரித்தேன். உள்ளே எவ்வளவு புழுக்கம் என்று எனக்குத்தானே தெரியும்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பூரான் நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பியது. நேராகக் கேமராவைப் பார்த்தது. பிறகு பாய்ந்தது.

அத்தனை பேரும் கத்தினார்கள். ஜிப்பைப் பார்த்தவன் எல்லோரைவிடவும் சத்தமாகக் கத்தினான். சம்பந்தியம்மாளின் பாப்கார்ன் முன்வரிசைக்காரரின் வழுக்கையில் கொட்டியது. மிருதுளா இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். நகம் பதிந்துவிட்டது.

“அது நீதானேம்மா?” என்றாள் மூச்சு வாங்க.

“நான்தான்.”

“அப்புறம் எனக்கு ஏன் பயமா இருக்கு?”

“எனக்கும்தான்” என்றேன்.

கதவோரம் செங்கோட்டுவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளைமாக்ஸில் ஹீரோ குழிக்குள் கான்கிரீட் கொட்டிப் பூரானைக் கொன்றான். அரங்கம் முழுக்க ‘ஊ’ என்று கூச்சல். யாரோ செருப்பை எறிந்தார்கள். சம்பந்தியம்மாள் என் பக்கம் சாய்ந்து, முதல் தடவையாக மொழி மாற்றாமல், என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“அந்தப் பையனைத்தான் முதல்ல தின்னிருக்கணும்.”

“டைரக்டர்கிட்ட நானும் சொன்னேன்” என்றேன். “கேக்கலை.”